தொகையீட்டிலிருந்து வகையீட்டுக்கு: மேக்ஸ்வெல் சமன்பாடுகள் கடக்கும் வழி

தமிழ்நாட்டின் பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் பாடநூலில் மேக்ஸ்வெல் சமன்பாடுகள் தொகையீட்டு வடிவில்தான் வருகின்றன. கல்லூரிக்குப் போனதும் அதே நான்கும் டைவர்ஜென்ஸ், கர்ல் என்று வேறு உருவில் வந்து நிற்கும். நடுவில் நடந்ததைப் பெரும்பாலான நூல்கள் ஒரே வரியில் முடித்துவிடுகின்றன: காஸ் தேற்றத்தையும் ஸ்டோக்ஸ் தேற்றத்தையும் பயன்படுத்தினால் கிடைக்கும். தேர்வுத்தாளில் அந்த வரிக்கு மதிப்பெண் உண்டு. ஆனால் அதற்குள் சில நிபந்தனைகள் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கின்றன. அவற்றைக் கவனிக்காதவர்தான் பின்னால் நகரும் கம்பிச்சுற்று, புள்ளி மின்னூட்டம், கண்ணாடியின் விளிம்பு என்று வரும்போது திணறுகிறார்.

இரண்டும் ஒரே விதியின் இரு எழுத்து முறைகள் என்பது பாதி உண்மை. புலம் வெட்டில்லாமல் சீராக மாறும் இடத்தில் அது முழுக்கச் சரி. மற்ற இடங்களில், வடிவம் மாற்றும்போது ஏதோ ஒன்று கைநழுவுகிறது. அதை வேறு வழியில் திரும்பச் சேர்க்க வேண்டியிருக்கிறது. எது எங்கே நழுவுகிறது என்று பார்ப்பதுதான் இங்கே வேலை.

மின்புலத்துக்கான காஸ் விதியிலிருந்து தொடங்கலாம். ஒரு மூடிய பரப்பின் வழியே வெளியேறும் மொத்த மின்பாயம், உள்ளே அடைபட்ட மின்னூட்டத்தை வெற்றிட விடுதிறனால் வகுத்தால் வருவது. பரப்பு கோளமாக இருக்கலாம், கோணல்மாணலாகவும் இருக்கலாம். அதை மிகச் சிறிய செவ்வகப் பெட்டியாக எடுத்துக்கொள்வோம். இடது முகத்தில் நுழையும் புலக்கூறு ஓர் அளவு. வலது முகத்தில் வெளியேறுவது அதிலிருந்து சற்றே மாறுபட்டது. அந்தத் திசையில் புலக்கூறு மாறும் வீதத்தைப் பெட்டியின் நீளத்தால் பெருக்கினால் இந்த வித்தியாசம் வரும். அதை முகத்தின் பரப்பளவால் பெருக்கினால் நிகரப் பாயம். அதாவது மாறுவீதம் பெருக்கல் பெட்டியின் கனஅளவு. மேல்கீழ் முகங்களுக்கும் முன்பின் முகங்களுக்கும் இதே கணக்குத்தான். மூன்றையும் கூட்டிக் கனஅளவால் வகுத்தால் எஞ்சுவது மூன்று பகுதி வகைக்கெழுக்களின் கூட்டுத்தொகை. அதற்குப் பெயர் டைவர்ஜென்ஸ். மறுபக்கத்தில் மின்னூட்டத்தைக் கனஅளவால் வகுத்தால் மின்னூட்ட அடர்த்தி. இரண்டையும் சமப்படுத்தினால் வகையீட்டு வடிவம் கைக்கு வந்துவிட்டது.

திரும்பி வரவும் வழி உண்டு. பெட்டிகளை ஒன்றோடொன்று ஒட்டி அடுக்கினால், பக்கத்துப் பெட்டிகளுக்குப் பொதுவான சுவரில் ஒன்றிலிருந்து வெளியேறுவது மற்றதற்குள் நுழைகிறது. கணக்கில் இரண்டும் எதிரெதிர்க் குறியோடு வந்து அடிபட்டுப்போகும். மிஞ்சுவது வெளிச்சுவர் மட்டும். காஸ் தேற்றம் என்கிற டைவர்ஜென்ஸ் தேற்றத்தின் சாரம் இவ்வளவுதான். மற்றதெல்லாம் கணிதக் கறார்.

இரண்டு வடிவங்களும் எப்படி இருவேறு கேள்விகளுக்கு விடை தருகின்றன என்பதை ஓர் எடுத்துக்காட்டில் பார்க்கலாம். வானம் தெளிவாக இருக்கும் நாளில் தரைக்கு அருகே காற்றில் மீட்டருக்குச் சுமார் 100 வோல்ட் மின்புலம் கீழ்நோக்கி நிற்கிறது. பூமி முழுவதையும் சுற்றி ஒரு மூடிய பரப்பைப் போட்டுத் தொகையீட்டு வடிவைப் பயன்படுத்தினால், 100-ஐ விடுதிறன் 8.85 × 10⁻¹²-ஆலும் புவிப்பரப்பு 5.1 × 10¹⁴ சதுர மீட்டராலும் பெருக்கினால் போதும். பூமியின் மேல் ஏறத்தாழ நாலரை லட்சம் கூலும் எதிர் மின்னூட்டம் இருக்கிறது என்று விடை வரும். ஒரே பெருக்கலில் ஒரு கோளுக்கே கணக்கு முடிந்தது.

ஆனால் நம் தலைக்கு மேலே காற்றில் என்ன இருக்கிறது என்று அந்த விடை சொல்லாது. உயரம் கூடக் கூடப் புலம் குறைகிறது. பத்து கிலோமீட்டர் உயரத்தில் மீட்டருக்குச் சில வோல்ட்தான். கணக்குக்காக, தரையில் 100 ஆக இருப்பது 100 மீட்டர் உயரத்தில் 90 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு மீட்டருக்கும் 0.1 மாற்றம். இதை விடுதிறனால் பெருக்கினால் கன மீட்டருக்கு 8.85 × 10⁻¹³ கூலும் நேர் மின்னூட்டம். ஓர் எலக்ட்ரானின் மின்னூட்டத்தால் வகுத்துப் பார்த்தால், ஒரு கன சென்டிமீட்டரில் ஐந்தாறு நேர் அயனிகள் மிகையாக மிதக்கின்றன. அதே இடத்தில் இரு வகை அயனிகளும் நூற்றுக்கணக்கில் இருக்கும். மிகை மட்டும் இவ்வளவு சொற்பம். புலத்தின் அளவைத் தந்தால் மொத்தத்தைச் சொல்வது முதல் வடிவம். புலத்தின் மாற்றத்தைத் தந்தால் அந்த இடத்தில் இருப்பதைச் சொல்வது இரண்டாவது.

இனி அந்த நிபந்தனைகளுக்கு வருவோம். டைவர்ஜென்ஸ் தேற்றத்தைப் போட்டதும் இருபுறமும் கனஅளவுத் தொகையீடுகள் சமமாகின்றன. உடனே மாணவர் தொகையீட்டுக் குறிகளை அடித்துவிட்டு உள்ளே இருப்பவை சமம் என்று எழுதுகிறார். இது பொதுவாகத் தவறு. சைன் சார்பை ஒரு முழுச் சுற்றுக்குத் தொகையிட்டால் பூச்சியம் வரும். அதனால் சைன் எங்கும் பூச்சியம் என்றாகிவிடாது. காஸ் விதியில் மட்டும் குறியை எடுக்க உரிமை எங்கிருந்து வந்தது? விதி ஒரு குறிப்பிட்ட பரப்புக்குச் சொல்லப்படவில்லை, எந்தப் பரப்புக்கும் சொல்லப்பட்டது என்பதிலிருந்து. ஏதோ ஒரு புள்ளியில் இரு பக்கமும் சமமில்லை என்று வைத்துக்கொண்டால், இரண்டும் தொடர்ச்சியாக மாறுவதால், அந்தப் புள்ளியைச் சுற்றியும் ஒரு சிறு பகுதியில் அதே பக்கமே மிஞ்சி நிற்கும். அந்தச் சிறு பகுதியையே பரப்பாக எடுத்தால் விதி உடையும். ஆகவே அப்படி ஒரு புள்ளி இல்லை. சோதனைச்சாலையில் யாரும் எல்லாப் பரப்புகளையும் அளந்ததில்லை. எவ்வளவு சிறிதாக்கினாலும் விதி நிற்கும் என்பது இயற்பியல் துணிபு. வடிவ மாற்றம் அந்தத் துணிபின் மேல்தான் நிற்கிறது.

வரலாறு பாடநூல் வரிசையில் நடக்கவில்லை. டைவர்ஜென்ஸ் தேற்றத்துக்கு காஸ் பெயரைச் சூட்டுகிறோம். அவர் 1813-இல் அதன் சில தனி வகைகளைத்தான் கண்டார். பொதுவான நிறுவலை 1826-இல் பாரிஸ் அகாடமியில் முன்வைத்தவர் ரஷ்யரான ஆஸ்ட்ரோகிராட்ஸ்கி. ஸ்டோக்ஸ் தேற்றத்தின் கதை இன்னும் வேடிக்கை. 1850 ஜூலை 2 அன்று வில்லியம் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு, ஸ்டோக்ஸுக்கு எழுதிய கடிதத்தில் அது இருக்கிறது. ஸ்டோக்ஸ் அதை 1854-இல் கேம்பிரிட்ஜ் ஸ்மித் பரிசுத் தேர்வில் ஒரு கேள்வியாக வைத்தார். அந்தத் தேர்வை எழுதியவர்களில் ஒருவர் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல். பரிசை ரௌத்துடன் பகிர்ந்துகொண்டார். கண்டவர் ஒருவர், பெயர் இன்னொருவருக்கு, அச்சில் முதல் நிறுவலோ 1861-இல் ஹாங்கெல் என்ற ஜெர்மானியருடையது. கேள்வித்தாள் எடுப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய மரியாதை கிடைத்ததாகத் தெரியவில்லை.

1873-இல் வந்த தன் பெருநூலின் முன்னுரையில் மேக்ஸ்வெல் ஒரு நுட்பமான கருத்தைச் சொல்கிறார். ஃபாரடே முழுமையிலிருந்து தொடங்கிப் பகுதிகளை நோக்கி இறங்கினார். வழக்கமான கணிதமுறை பகுதிகளிலிருந்து தொடங்கி முழுமையைக் கட்டுகிறது. தொகையீடு, வகையீடு என்ற இரு வடிவங்களின் மனப்பாங்கையும் இதற்குமேல் சுருக்கிச் சொல்வது கடினம். மேக்ஸ்வெல்லின் 1865 கட்டுரையில் இருபது சமன்பாடுகள் இருந்தன, கூறு கூறாகப் பிரித்து எழுதப்பட்டவை. இன்று சட்டைகளில் அச்சிட்டுப் போட்டுக்கொள்ளும் நான்கு வரிகள் 1880-களில் ஆலிவர் ஹெவிசைட் சுருக்கித் தந்தவை. பல்கலைக்கழகப் படிப்பே இல்லாத தந்தி ஊழியர் அவர்.

கர்லுக்குப் பெட்டிக்குப் பதில் ஒரு சிறு சதுரச் சுற்று. நான்கு விளிம்புகளிலும் புலத்தைக் கூட்டிச் சதுரத்தின் பரப்பளவால் வகுத்தால் கர்லின் ஒரு கூறு கிடைக்கும். சதுரத்தை மூன்று திசைகளுக்கும் திருப்பி வைத்தால் மூன்று கூறுகள். கணக்கு முன்போலவே என்பதால் விரிக்க வேண்டாம். ஆனால் இங்கே காஸ் விதியில் இல்லாத ஒரு சிக்கல் இருக்கிறது. மூடிய பரப்பு ஒரே ஒரு கனஅளவைத்தான் சூழும். ஒரு மூடிய சுற்றை விளிம்பாகக் கொண்டு எண்ணற்ற பரப்புகளை வரையலாம். எதை எடுத்தாலும் ஒரே விடை வர வேண்டும்.

ஆம்பியர் விதி இங்கேதான் சறுக்கியது. மின்தேக்கிக்கு மின்னோட்டம் கொண்டுபோகும் கம்பியைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள். வட்டத்தைத் தட்டையான பரப்பால் மூடினால் கம்பி அதைத் துளைத்துப் போகிறது. பரப்பைப் பைபோல உப்பவைத்து மின்தேக்கியின் இரு தகடுகளுக்கு நடுவே கொண்டுபோனால் அதன் வழியே மின்னோட்டமே இல்லை. ஒரே வட்டம், இரண்டு விடை. தொகையீட்டு வடிவில் இதைக் காட்ட இப்படி ஒரு படம் வேண்டும். வகையீட்டு வடிவில் ஒரே வரி போதும்: எந்தக் கர்லை எடுத்தாலும் அதன் டைவர்ஜென்ஸ் பூச்சியம்; ஆகவே மின்னோட்ட அடர்த்தியின் டைவர்ஜென்ஸும் எப்போதும் பூச்சியமாக வேண்டும். ஆனால் மின்னூட்டம் குவியும் இடத்தில் அது பூச்சியமாகாது. பற்றாக்குறை எவ்வளவு என்பதையும் அதே வரி சொல்லிவிடுகிறது. மின்னூட்ட அடர்த்தி மாறும் வீதத்தைக் காஸ் விதி வழியாக மின்புலத்துக்கு மாற்றினால், சேர்க்க வேண்டியது விடுதிறன் பெருக்கல் மின்புலம் மாறும் வீதம். இடப்பெயர்ச்சி மின்னோட்டம் அதுவே. மேக்ஸ்வெல் 1861–62-இல் இதை அடைந்தது சுழல்களும் உருளைகளும் நிறைந்த ஓர் இயந்திர மாதிரி வழியாக. மின்தேக்கிக் கதை பிற்காலப் பாடநூல்களின் உபயம்.

அந்த உறுப்பு சேர்ந்ததும் கர்லுக்கு மேல் கர்ல் எடுத்தால் அலைச் சமன்பாடு நேராக வந்து விழுகிறது. வேகத்துக்கு மேக்ஸ்வெல் எடுத்தது வேபரும் கோல்ராஷும் 1856-இல் மின்னளவைகளிலிருந்து பெற்ற நொடிக்கு 3,10,740 கிலோமீட்டர். ஒளிக்கு ஃபிசோ அளந்ததாக அவர் ஒப்பிட்டது 3,14,858. இன்றைய மதிப்பு 2,99,792.458. இரண்டு எண்களும் கொஞ்சம் அதிகம்தான். ஆனாலும் ஒன்றுக்கொன்று நெருக்கம் என்பதே போதுமானதாக இருந்தது. தொகையீட்டு வடிவிலும் இதைப் பெறலாம், செவ்வகச் சுற்றுகளைச் செங்குத்தாக வைத்துத் தலையைச் சுற்றவிட்டு.

ஃபாரடே விதிதான் இந்த மாற்றத்தில் அதிகம் வழுக்கும் இடம். சுற்றின் வழியே செல்லும் காந்தப்பாயம் மாறும் வீதம் மின்னியக்கு விசை என்பது தொகையீட்டு வடிவம். நேர வகைக்கெழு தொகையீட்டுக்கு வெளியே நிற்கிறது. அதை உள்ளே கொண்டுபோய்ப் பகுதி வகைக்கெழுவாக்கினால்தான் ஸ்டோக்ஸ் தேற்றம் உதவும். சுற்று அசையாமல் நின்றால் அப்படிச் செய்யலாம். சுற்றே நகர்ந்தால், புலம் மாறாவிட்டாலும் பாயம் மாறும். வகைக்கெழு உள்ளே நுழையும்போது ஓர் உபரி உறுப்பு ஒட்டிக்கொள்ளும். அந்த உறுப்பு, சுற்றின் வேகத்தையும் காந்தப்புலத்தையும் குறுக்குப் பெருக்கி விளிம்பு நெடுகக் கூட்டியது. மறுபக்கத்தில், நகரும் கம்பியிலுள்ள மின்னூட்டங்களின் மேல் காந்தவிசையும் மின்னியக்கு விசையில் சேர்கிறது. அதுவும் அதே தொகை. இரண்டும் அடிபட்டுப்போய், நகராத சுற்றுக்குக் கிடைத்த அதே வகையீட்டுச் சமன்பாடு மறுபடி வருகிறது. இந்த அடிபடலுக்குக் காந்தப்புலத்தின் டைவர்ஜென்ஸ் பூச்சியம் என்ற இன்னொரு சமன்பாடு வேண்டும் என்பதைப் பல நூல்கள் சொல்வதே இல்லை. நான்கு சமன்பாடுகளும் தனித்தனித் தீவுகள் என்ற நினைப்பு அதனால்தான் மாணவரிடம் நிலைத்துவிடுகிறது.

1831-இல் ஃபாரடே சுழற்றிய செம்புத் தட்டு இதற்குக் கண்டிப்பான சோதனை. பத்து சென்டிமீட்டர் ஆரமுள்ள தட்டை 0.5 டெஸ்லா புலத்தில் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுழற்றினால் மையத்துக்கும் விளிம்புக்கும் இடையே சுமார் 0.8 வோல்ட் வரும். ஆனால் கம்பி, தொடுமுனை, தட்டின் ஆரம் என்று அறையில் அசையாமல் நிற்கும் சுற்றைப் பார்த்தால் அதன் வழியே செல்லும் பாயம் மாறுவதே இல்லை. பாயம் மாறாமல் வோல்ட் எப்படி? வரைந்த சுற்று நிற்கிறது, அதிலுள்ள செம்பு ஓடுகிறது. பாய விதி, சுற்றும் பொருளும் சேர்ந்தே நகரும் என்று எதிர்பார்க்கிறது. ஃபைன்மேன் தம் விரிவுரைகளில் இதைப் பாய விதிக்கு விதிவிலக்காகவே எடுத்துக்காட்டுகிறார். வகையீட்டுச் சமன்பாட்டையும் மின்னூட்டத்தின் மேல் விசை என்ன என்ற விதியையும் சேர்த்துக் கையில் வைத்திருப்பவருக்குக் குழப்பமே வராது. 1905-இல் ஐன்ஸ்டைன் தம் சார்பியல் கட்டுரையைத் தொடங்கியதும் இதே சந்தியில்தான்: காந்தம் நகர்ந்தால் ஒரு விளக்கம், கடத்தி நகர்ந்தால் இன்னொன்று, விளைவு மட்டும் ஒன்றே என்பது அவருக்கு உறுத்தியது.

சார்பியல் என்றதும் தொகையீட்டு வடிவின் இன்னொரு சங்கடம் தெரிகிறது. மூன்று லட்சம் கிலோமீட்டர் ஆரமுள்ள கோளத்தின் பாயத்தைக் கூட்ட, கோளம் முழுவதும் ஒரே கணத்தில் புலம் என்ன என்று தெரிய வேண்டும். ஒரே கணம் என்பது பார்ப்பவரைப் பொறுத்தது. மேலும் நடுவே ஒரு மின்னூட்டத்தை அசைத்தால் சேதி கோளத்தை எட்ட ஒரு நொடியாகும். ஆனால் விதியோ இந்தக் கணத்து மின்னூட்டத்தையும் இந்தக் கணத்துப் பாயத்தையும் சமப்படுத்துகிறது. முரண் இல்லை, ஏனெனில் மின்னூட்டம் ஒரே தாவலில் கோளத்தை விட்டு வெளியேற முடியாது. பரப்பைக் கடந்துதான் போக வேண்டும். அந்த உத்தரவாதம் தொகையீட்டில் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒரு புள்ளி, ஒரு கணம் என்று பேசும் வகையீட்டு வடிவில் அது வெட்டவெளிச்சம். ஓரிடத்துச் சேதி பக்கத்து இடத்தின் வழியாகவே பரவும் என்பதைச் சொல்ல அதுவே தகுந்த மொழி என்பது என் கருத்து.

ஆனால் அந்த மொழி தடுமாறும் இடங்களும் உண்டு. புள்ளி மின்னூட்டத்தின் புலத்துக்கு டைவர்ஜென்ஸ் கணக்கிட்டால் எங்கும் பூச்சியம் வருகிறது. தொகையீட்டிலோ பாயம் பூச்சியமல்ல. தேற்றம் பொய்யாகிவிடவில்லை, உள்ளே எல்லாப் புள்ளியிலும் புலம் சீராக வகையிடத்தக்கது என்ற அதன் நிபந்தனை மையப்புள்ளியில் தகர்கிறது. டிராக் தம் டெல்டா சார்பைக் கொண்டு இதை ஒட்டுப்போட்டார். மின்பொறியியல் படித்துவிட்டு இயற்பியலுக்கு வந்தவர் அவர். ஹெவிசைட்டும் அவருக்கு முன்பே இத்தகைய திடீர்த் துடிப்புகளோடு புழங்கியவர். கணிதர்கள் முகம் சுளித்தார்கள். லோரன் ஷ்வார்ட்ஸ் அதற்கு முறையான அடித்தளம் அமைத்து 1950-இல் ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்றார். அந்த அடித்தளம் என்ன செய்கிறது என்று பார்த்தால், சார்பின் மதிப்பைப் புள்ளியில் கேட்காமல் தொகையீட்டுக்குள் வைத்துக் கேட்கிறது. வகையீட்டைக் காப்பாற்றத் தொகையீடு வந்தது.

விளிம்புகளிலும் இதே கதை. காற்றும் கண்ணாடியும் சந்திக்கும் பரப்பில் புலத்தின் ஒரு கூறு சட்டென்று தாவுகிறது. அங்கே வகைக்கெழு என்று ஒன்று இல்லை. வகையீட்டுச் சமன்பாடுகள் காற்றுக்குள் ஒரு தீர்வைத் தரும், கண்ணாடிக்குள் ஒன்றைத் தரும். இரண்டையும் எப்படித் தைப்பது என்று அவை தாமாகச் சொல்லா. மறுபடி தொகையீட்டுக்குத்தான் போக வேண்டும். எல்லையின் இருபுறமும் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய மாத்திரைவடிவப் பரப்பு ஒன்று, ஒடுங்கிய செவ்வகச் சுற்று ஒன்று. அவற்றின் உயரத்தைச் சுருக்கினால் எல்லை நிபந்தனைகள் வந்துவிடும். ஒளிவிலகல் எண் 1.5 உள்ள ஜன்னல் கண்ணாடியில் நேராக விழும் ஒளியில் ஒவ்வொரு முகமும் 4 விழுக்காட்டைத் திருப்பி அனுப்புகிறது. அந்த 4 இந்த நிபந்தனைகளிலிருந்து வருகிறது.

இடத்தில் ஓட்டை இருந்தால் இன்னொரு வகைச் சிக்கல். மின்னோட்டம் செல்லும் நீண்ட நேர்க்கம்பிக்கு வெளியே காந்தப்புலத்தின் கர்ல் எல்லாப் புள்ளியிலும் பூச்சியம். ஆனால் கம்பியைச் சுற்றி வந்தால் தொகை பூச்சியமல்ல. கம்பியிருக்கும் இடத்தை விலக்கிவிட்டுப் புள்ளி புள்ளியாகப் பார்ப்பவருக்கு நடுவே ஏதோ இருக்கிறது என்பதே தெரியாது. 1959-இல் அஹரனோவும் போமும் இதை குவாண்டம் இயற்பியலுக்குள் கொண்டுபோனார்கள்: வரிச்சுருளுக்கு வெளியே காந்தப்புலமே இல்லாத பகுதியில் செல்லும் எலக்ட்ரானும், உள்ளே அடைபட்ட பாயத்தை உணர்கிறது. 1986-இல் டோனோமுராவின் குழு வளைய வடிவக் காந்தத்தைக் கொண்டு இதை ஐயமறக் காட்டியது. மேக்ஸ்வெல் சமன்பாடுகள் இதனால் மாறவில்லை. ஆனால் ஒவ்வொரு புள்ளியிலும் புலம் தெரிந்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்ற நம்பிக்கைக்குச் சுற்றுத் தொகையீடு வைத்த தடை அது.

கணினி வந்த பிறகு சக்கரம் ஒரு சுற்று சுற்றிவிட்டது. கேன் யீ 1966-இல் வகையீட்டுச் சமன்பாடுகளைச் சிறு கட்டங்களாக உடைத்து நேரத்தில் படிப்படியாக முன்னேற்றும் முறையைத் தந்தார். ஆன்டெனா வடிவமைப்பில் இன்றும் அதன் வழிமுறைகள் ஓடுகின்றன. மின்புலத்தைக் கட்டத்தின் விளிம்புகளிலும் காந்தப்புலத்தை முகங்களிலும் வைத்தது அவருடைய கெட்டிக்காரத்தனம். 1977-இல் தாமஸ் வைலண்ட் தொகையீட்டு வடிவையே நேராகக் கட்டங்களின் மேல் எழுதினார். எளிய கட்டங்களில் இருவரின் கணக்கும் ஒன்றாகவே முடிகிறது. பொருளின் எல்லை கட்டத்தின் நடுவே வெட்டிப்போகும்போது வைலண்டின் பாதையில் போவது சுலபம். பாயத்தைக் கூட்டினால் போதும், தாவும் புலத்தை வகையிட வேண்டியதில்லை. யீயின் கட்டத்தில் இன்னொரு நன்மை தானாகவே கிடைக்கிறது. ஒவ்வொரு முகத்தின் காந்தப்பாயமும் அதன் நான்கு விளிம்புகளின் மின்புலத்தால் மாறுகிறது. ஒரு கட்டத்தின் ஆறு முகங்களையும் கூட்டினால் பன்னிரண்டு விளிம்புகளும் இருமுறை, எதிரெதிர்க் குறியோடு வந்து அடிபட்டுப்போகும். ஆகவே தொடக்கத்தில் காந்தப்புலத்தின் டைவர்ஜென்ஸ் பூச்சியமாக இருந்தால், லட்சம் படிகள் ஓடினாலும் எண்களை முழுமையாக்கும் பிழை அளவுக்குள் பூச்சியமாகவே இருக்கும். அதற்கென்று தனியாக ஒரு வரி நிரல்கூட எழுத வேண்டியதில்லை.